மண்ணைத் தொடாத வரலாறு

இலங்கையின் பண்டை வரலாறு பற்றி உரத்துப் பேசுவோர் தொகை பெரிது. அவ்வரலாறு புதைந்து கிடக்கும் மண்ணை ஒரு முறையேனும் கையாற் சுரண்டி, அரிதட்டில் அரித்து, அகப்பட்டதை அகப்பட்டவாறே குறிப்பேட்டிற் பதிந்தோர் தொகை மிகச் சிறிது. இவ்விரு தொகைகளுக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் இந்நாட்டின் வரலாற்றுப் பொய்கள் செழித்து வளர்கின்றன. வயலில் ஒரு செங்கல் தட்டுப்பட்டால் அது ஓரினத்தின் உறுதிப் பத்திரமாகி விடுகின்றது. ஒரு தாழி உடைந்து வெளிப்பட்டால் அது மற்றோரினத்தின் உறுதிப் பத்திரமாகி விடுகின்றது. செங்கல் எந்த மண்படையிற் கிடந்தது, தாழியோடு வேறென்ன கிடந்தது என்று கேட்பார் இலர். கேட்கத் தெரிந்தோரை உருவாக்குவது எவர் கடன்?

அது பல்கலைக்கழகத்தின் கடன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கடன் அரைகுறையாகவே நிறைவேற்றப்படுகின்றது. தொல்லியலைச் சிறப்புப் பாடமாகப் பயில்வோருக்குக் களப்பயிற்சி உண்டு. வரலாற்றையும் தமிழையும் புவியியலையும் பயில்வோருட் பெரும்பாலார்க்கு வாய்ப்பது விரிவுரைக் குறிப்பும், நூலகத்து இருக்கையும், ஆண்டுக்கொரு சுற்றுலாவுமே. நாளை பாடசாலைகளில் வரலாறு கற்பிக்கப் போகின்றவர்கள் இவர்களே. பத்திரிகைகளில் எழுதப் போகின்றவர்களும் இவர்களே. சான்று எவ்வாறு பிறக்கின்றது என்பதைக் கண்ணாற் காணாத ஒருவர், சான்றென்று எவர் எதைக் காட்டினும் நம்புவார். அல்லது எதையும் நம்பார். இரண்டும் ஒரே நோயின் இரு கூறுகள். இந்நோய்க்கு மருந்து நீண்ட விடுமுறையில் நடத்தப்பெறும் களப்பள்ளியே. அது விரும்பியோர் மட்டும் செல்லும் உல்லாசப் பயணமாக இராது, வரலாற்றோடு தொடர்புடைய பாடங்களைப் பயிலும் அனைவர்க்கும் கட்டாயக் கல்வியாதல் வேண்டும்.

களப்பள்ளி என்றவுடன் பலர் கருதுவது சுற்றுலாவையே. அதிகாலையிற் பஸ்ஸில் ஏறி, மேளமும் பாட்டுமாக அநுராதபுரம் சென்று, விரிவுரையாளர் கூறுவதைப் பாதி கேட்டு, படம் பிடித்து, இரவு திரும்புவது சுற்றுலா. களப்பள்ளியோ நான்கு வாரமேனும் ஓரிடத்திலே தங்கி உழைப்பது. ஐந்து மீற்றர் சதுரமாக நிலத்தை அளந்து முளையடித்துக் கயிறு கட்டுதல், மேசன்மார் பாவிக்கும் சாந்தகப்பை போன்ற சிறு கருவியால் மண்ணைப் படைபடையாகச் சீவுதல், நிறமும் இறுக்கமும் மாறுமிடத்திற் கையை நிறுத்துதல், வெட்டுமுகத்தை அளவுத்தாளில் வரைதல், ஓட்டுத் துண்டுகளைக் கழுவி எண்ணிட்டுப் பையிலிடுதல், இரவில் விளக்கடியில் அன்றைய குறிப்பை எழுதி முடித்தல் ஆகிய இவை நாள்தோறும் நடைபெறும். பொன்னும் சிலையும் கிடைக்கும் என்று வருபவர் மூன்றாம் நாளே சலித்துப் போவார். நாள் முழுதும் குனிந்து நின்று, ஈற்றில் ஒரு குழியின் விளிம்பை மட்டும் அடையாளங் கண்டவரே அன்று எதையேனும் கற்றவர்.

இவ்வொழுக்கம் வெறுஞ் சடங்கன்று. அகழ்வு என்பது அழிப்புமாகும். ஒரு நூலைப் பலமுறை படிக்கலாம். ஒரு மண்படையை ஒரு முறையே படிக்கலாம். படிக்கும்போதே அது இல்லாமற் போகின்றது. ஆதலால் அகழ்ந்தவர் எழுதி வைத்த குறிப்பும் வரைந்து வைத்த படமுமே பின்னர் எஞ்சுவன. குறிப்பில்லாத அகழ்வுக்கும் புதையல் தோண்டுவோன் செயலுக்கும் நோக்கத்தில் வேறுபாடிருக்கலாம், விளைவில் வேறுபாடில்லை. தான் கண்டதற்கும் தான் விரும்பியதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அன்றன்றே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் பழக்கத்தை வேறெந்த வகுப்பறை இத்துணைக் கண்டிப்பாகக் கற்பிக்கும்?

இது புதிய கொள்கையுமன்று. இங்கிலாந்தில் 1934 முதல் 1937 வரை மெய்டன் காசில் என்னும் பழங்கோட்டையை அகழ்ந்த மோட்டிமர் வீலர், அவ்வகழ்வையே மாணவர்க்குரிய பயிற்சிக் களமாக அமைத்தார். 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமையை ஏற்றதும் அவர் தொடங்கிய முதற் பணிகளுள் ஒன்று தட்சசீலத்திலே பல்கலைக்கழக மாணவர்க்கும் இளம் அலுவலர்க்கும் பயிற்சிப் பள்ளி திறந்ததாகும். அடுத்த ஆண்டிற் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் நடைபெற்ற அகழ்வில், உரோம நாட்டு மட்பாண்டங்கள் கிடந்த படையைக் கொண்டு அதே படையிற் கிடந்த உள்ளூர் மட்பாண்டங்களுக்குக் காலங் கணிக்கப்பட்டது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான காலவரிசை ஒன்று வாய்க்க வழி பிறந்தது அங்கேயே. வீலரின் போக்கிற் படைத்தளபதிக்குரிய மிடுக்கு மிகுந்திருந்தது உண்மை. ஆயினும் சுதந்திர இந்தியாவின் தொல்லியலை முன்னின்று நடத்தியோர் பலர் அவரது பயிற்சியிலிருந்து புறப்பட்டவர்களே என்பதை மறுத்தல் இயலாது. பின்னர் தமிழ்நாட்டிலும் பல்கலைக்கழகங்கள் களத்தில் இறங்கின. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் கொடுமணலில் தொடங்கிய அகழ்வு, சங்ககாலத்தை இலக்கியத்துக்கு வெளியிலும் ஆராய வழி செய்தது.

இலங்கைத் தமிழர் மத்தியிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர், பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தனர். ஈமப் புதையலோடு கிடைத்த சிறு முத்திரையொன்றில் மேல் வரியிற் குறியீடுகளும் கீழ் வரியிற் பிராமி எழுத்துக்களும் காணப்பட்டன. பல்கலைக்கழகம் ஒன்று தன் வாயிலுக்கு அண்மையிலுள்ள மண்ணைத் தானே ஆராய முற்பட்டதன் பயன் இது. அக்காலத்து முயற்சிகளின் தொடர்ச்சியாகவே பொ. இரகுபதியின் யாழ்ப்பாணத்து ஆதிக் குடியேற்றங்கள் பற்றிய ஆய்வு 1987இல் நூலாயிற்று. அதற்குள் நாடு போருள் மூழ்கிவிட்டது.

போர் தின்றவை எவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பெருந்துறையாகிய மாந்தையில் யோன் காஸ்வெல் தலைமையில் 1980இல் தொடங்கிய அகழ்வு 1984இல் நின்றது; அதன் முழு அறிக்கை 2013இலேயே வெளிவந்தது. ஒரு தலைமுறை முழுவதும் அக்களத்தைக் கேள்விப்பட்டதேயன்றிக் கற்கவில்லை. பொன்பரிப்பில் 1970இல் விமலா பெக்லியும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தாரும் நடத்திய ஈமத்தாழி அகழ்வின் அறிக்கையும் அச்சேறப் பதினோராண்டு சென்றது. வெளிநாட்டார் வந்து அகழ்ந்தமை குற்றமன்று. அவர் உழைப்புக்கு இந்நாடு கடப்பாடுடையது. அவர் சென்ற பின்னர் அதே களத்தில் தொடர்ந்து நிற்கத்தக்க உள்ளூர் மாணவர் அணியொன்று உருவாகாமையே குற்றம்.

இனிக் கண்டிக்கு வருவோர் கண் திறந்து பார்த்தல் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மணி நேரத்துட் சென்றடையத்தக்க உடுநுவரையில் கடலாதெனிய, இலங்காதிலக ஆகிய இரு விகாரைகள் உள்ளன. இரண்டும் கம்பளையிலிருந்து ஆண்ட நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டளவில் எழுந்தவை. கடலாதெனியவின் கருங்கற் கட்டடம் தென்னிந்தியக் கோயிற் கலையை அப்படியே நினைவூட்டுவது. அதை அமைத்த தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்பதை அங்குள்ள சாசனமே கூறுகின்றது. சேனாலங்காதிகாரர் என்னும் அமைச்சர் எடுப்பித்த இலங்காதிலகவிலோ புத்தர் உறையும் மனையைச் சூழ்ந்து விபீடணரும் கணபதியும் கந்தகுமாரரும் உறைகின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்குள்ள பாறையிற் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது.

பௌத்த விகாரைக்கு அளித்த கொடைகளைத் தமிழிலும் பொறிக்க வேண்டிய தேவை மலைநாட்டு அரசனொருவனுக்கு ஏன் எழுந்தது? அதைப் படிக்க இருந்தோர் எவர்? வணிகரா, படைவீரரா, சிற்பியரா? இவ்வினாக்களுக்கு விடை காணத் தமிழ் மட்டும் அறிந்தவராலும் இயலாது. சிங்களம் மட்டும் அறிந்தவராலும் இயலாது. ஒரு மொழி தெரிந்த மாணவரும் மறுமொழி தெரிந்த மாணவரும் ஒரே பாறையின் முன் அமர்ந்து, ஒரே தாளை நனைத்து ஒற்றி, ஒரே படியை எடுத்து, வரிக்கு வரி ஒப்பிட்டாலன்றி விடை வாராது. இன ஒற்றுமை பற்றி மேடையில் நிகழ்த்தப்பெறும் நூறு சொற்பொழிவுகளைக் காட்டிலும் இவ்வொரு பாறை வலிமையுடையது. ஏனெனில் அங்கு ஒருவரையொருவர் நேசிக்குமாறு எவரும் போதிப்பதில்லை. ஒருவரில்லாமல் மற்றவரின் வேலை முடிவதில்லை.

இப்பாறையைத் தமிழ் மாணவர்க்கு அறிமுகஞ் செய்த மரபு பேராதனைக்கு உண்டு. தமிழ்த் துறையின் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை தமிழ்ச் சாசனங்களைப் பதிப்பித்தார். ஆ. வேலுப்பிள்ளை 1971, 1972ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள் பற்றிய இரு பகுதிகளைப் பேராதனையிலிருந்து வெளியிட்டார். இந்திரபாலாவும் சி. பத்மநாதனும் வரலாற்றுத் துறையிலிருந்து சாசன ஆய்வை வளர்த்தனர். தொல்பொருள் ஆணையாளராக இருந்து ஓய்வு பெற்ற செனரத் பரணவிதானவும் பேராதனையிலேயே தொல்லியற் பேராசிரியராயமர்ந்தார். இத்தகைய முன்னோரைப் பெற்றவர்கள் அவர்தம் படங்களுக்கு மாலையிட்டு அமைதல் போதுமா? அவர்கள் பாறையடிக்குச் சென்றனர். அவர்களைப் புகழ்வோர் செல்வதில்லை.

கண்டியிலிருந்து வடக்கே தம்புள்ளை வரை சென்றால் இப்பன்கட்டுவ என்னும் ஈமக்காடு உண்டு. கற்பலகைகளாற் பெட்டிபோல் அமைந்த அக்கல்லறைகள் 1980களிலும் மீண்டும் 2015இலும் அகழப்பட்டன. தாழிகளும் மணிகளும் அங்கு கிடைத்தன. அவை எழுத்தறியாத காலத்தவை. இன்றைய இனப்பெயர் எதையும் தம்மேற் பொறித்துக் கொள்ளாதவை. இத்தகைய கல்லறைகளும் தாழிகளும் தென்னிந்தியாவிற் பரந்து காணப்படுவன என்பது உண்மை. ஆயினும் அதுகொண்டு இப்பன்கட்டுவவிற் புதைக்கப்பட்டவர் வீட்டிற் பேசிய மொழி இன்னது என்று கூறத் துணிதல் தவறு. பானை கைமாறும், பழக்கம் பரவும், மணம் கலக்கும். மொழி இவை ஒவ்வொன்றோடும் ஒட்டியும் செல்லும், விலகியும் செல்லும். கருஞ்செம்பானை ஓடு ஒன்றைக் கண்டவுடன் தமிழர் வாழ்ந்த இடம் என்று பத்திரிகைக்கு எழுதும் தமிழ் ஆர்வலரும், சுடுசெங்கல் ஒன்றைக் கண்டவுடன் சிங்கள பௌத்த இராச்சியம் என்று பலகை நடுவோரும் ஒரே பள்ளியில் பயிலாதவர்கள். அப்பள்ளி களப்பள்ளியே.

ஆண்டுகள் பற்றிய ஆரவாரமும் இத்தகையதே. அநுராதபுரத்திலே 1989 முதல் றொபின் கொனிங்ஹாம் குழுவினர் சுமார் பத்து மீற்றர் ஆழம் வரை அகழ்ந்த ஒரு குழி, அசோகன் காலத்துக்கு முற்பட்ட படைகளிலே பிராமி எழுத்துடைய ஓடுகளைத் தந்து, எழுத்தின் வரலாற்றை மீண்டும் விவாதத்துக்குரியதாக்கியது. தமிழ்நாட்டிற் கீழடியின் முதலிரு கட்ட அகழ்வுகள் பற்றிய 982 பக்க அறிக்கை 2023இல் கையளிக்கப்பட்டு, 2025இல் திருத்தங் கோரித் திருப்பியனுப்பப்பட்டது. உடனே தெருவெல்லாம் வாதம் மூண்டது. இவ்வாதங்களில் அரசியல் இல்லையென்று கூறுதல் பேதைமை. ஆனால் காலக்கணிப்புக்கு அனுப்பிய கரித்துண்டு எப்படையிலிருந்து எடுக்கப்பட்டது, அப்படை எலிவளையாலோ பிற்காலக் குழியாலோ கலைந்ததா என்னும் இரு வினாக்களைக் கேட்கத் தெரியாதவர் அவ்வரசியலிற் பகடைக் காயாகலாம், பங்காளராக முடியாது.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் மூன்றாவது களமொன்றும் உண்டு. அதனைக் களமென்று கருதுவோரே அரியர். 1820களிற் கண்ணொறுவையிலும் கம்பளைப் பகுதியிலும் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1867இல் லூல்கந்துரையிலே யேம்சு ரெயிலர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் நடந்த பாதைகள், தங்கிய லயங்கள், வழிபட்ட மரத்தடிகள், பெயர் பொறிக்கப்படாத புதைகுழிகள் யாவும் இம்மலைகளிற் சிதைந்து கிடக்கின்றன. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொன்மைக்கு வகுத்த எல்லையோ 1815 மார்ச் 2ஆம் திகதி, அதாவது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அந்நாளுக்கு முந்தியவை இயல்பாகவே சட்டத்தின் நிழலில் வரும். பிந்தியவற்றுக்குத் தனித்தனியே பிரகடனம் வேண்டும். மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் இக்கோட்டுக்கு அப்பால் விழுகின்றது. துரையின் பங்களா மரபுரிமையாகப் போற்றப்படலாம். லயம் இடிக்கப்படும்போது அதனை அளந்து வரைந்து வைக்கவும் ஆளில்லை. இவ்வேலைக்கு அகழ்வு வேண்டியதில்லை. அளவு நாடா, வரைதாள், அங்கு வாழும் முதியோரிடம் பொறுமையாகக் கேட்கும் செவி ஆகியன போதும். கண்டியிற் பயிலும் மாணவர் குழுவொன்று ஒரு விடுமுறையில் ஒரு தோட்டத்தை ஆவணப்படுத்துமாயின் அது அருஞ்சேவையாகும்.

இவற்றையெல்லாம் செய்யாதிருப்பதன் விலை அண்மையில் வெளிப்படையாயிற்று. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமை முகாமைத்துவத்துக்கெனச் சனாதிபதி செயலணி ஒன்று பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் அமைக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையினராக வாழும் அம்மாகாணத்துக்கான செயலணிக்கு முதலில் நியமிக்கப்பட்டோருள் அவ்வினத்தார் ஒருவரேனும் இல்லை. 2021 சனவரியில் முல்லைத்தீவுக் குருந்தூர்மலையில் இராசாங்க அமைச்சர் முன்னிலையிற் புத்தர் சிலை வைத்து அகழ்வு தொடக்கப்பட்டது. அகழ்ந்து அறியவேண்டிய முடிவை அகழ்வுக்கு முன்னரே சிலையாக நாட்டுதல் தொல்லியலன்று; அது படையெடுப்பு. இதனைக் கண்டித்தல் முறையே. ஆயின் கண்டன அறிக்கையோடு கடமை முடிந்ததா? அகழ்குழியின் அருகில் நின்று, வெட்டுமுகத்தைப் பார்த்து, இப்படை இன்ன காலத்தது, இக்கூற்றுக்கு இச்சான்று போதாது என்று சொல்லத்தக்க பயிற்சி பெற்றோரை இச்சமூகம் எத்துணைப் பேரை உருவாக்கியது? தொல்லியல் என்னும் சொல்லையே காணிபறிப்பின் மறுபெயராக மக்கள் அஞ்சும் நிலையில், அத்துறையை விட்டு விலகுவது அதனை அஞ்சத்தக்கவர் கையிலேயே ஒப்படைப்பதாகும்.

களப்பள்ளிக்குக் கூறப்படும் தடைகள் பல. பருவம் ஒவ்வாது என்பர். மேலைநாட்டார் கோடை விடுமுறையிற் களப்பள்ளி நடத்துவது அவர் நாட்டு வானிலைக்குப் பொருந்தியது. அதே மாதங்களிற் கண்டியில் தென்மேற்குப் பருவமழை. ஆகவே சனவரி முதல் மார்ச் வரையான வறண்ட நாட்களில் உடுநுவரையில் சாசனப் படியெடுப்பும் மேலாய்வும், ஆடி ஆவணியில் தம்புள்ளைப் பக்கத்து வறண்ட வலயத்தில் அகழ்வுமாக ஆண்டைப் பகுத்துக் கொள்ளலாம். இயற்கை இங்கு தடையன்று. அட்டவணை போடுவோரின் சோம்பலே தடை.

பணமில்லை என்பர். மேலைநாட்டு மாணவர் பெருந்தொகை கட்டணஞ் செலுத்தியே பல களப்பள்ளிகளிற் சேர்கின்றனர். அம்முறை இங்கு வேண்டாம். இலவசக் கல்வியின் பகுதியாகவே இது நடத்தப்படல் வேண்டும். சாசனப் படிக்கு வேண்டியவை தாள், மை, தூரிகை, தண்ணீர். மேலாய்வுக்கு வேண்டியவை கால்கள். அகழ்வுக்குச் செலவுண்டு, அனுமதிப் பத்திரமின்றி எவரும் அகழவுங் கூடாது. அதனைத் தொல்பொருட் திணைக்களத்தோடு இணைந்தே செய்யலாம். ஆடம்பர விழாவொன்றுக்குச் செலவாகும் பணம் சாசனப் பாசறை ஒன்றுக்குப் போதியது என்பதைத் தமிழ்ச் சங்கங்கள் தம் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தால் அறியும்.

மொழி தடையென்பர். மொழி தடையென்பதாலேயே களப்பள்ளி வேண்டும். 1960களில் தாய்மொழிக் கல்வி கலைப்பீடங்களுட் புகுந்தபோது தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் தத்தம் வகுப்பறைகளுட் பிரிந்தனர். கல்வி பரவியது, கற்போர் ஒருவர்க்கொருவர் அந்நியராயினர். மூன்றடி ஆழக் குழியில் எதிரெதிரே குந்தியிருப்போர் அந்நியராயிருத்தல் கடினம்.

ஈற்றில் ஒன்று. அகழ்வுகளிற் பெரும்பாலான மண்ணைச் சுமப்பவர் அயற்கிராமத்துக் கூலித் தொழிலாளரே. மண்ணின் நிறமாற்றத்தைப் பட்டதாரிக்கு முன் கண்டறிபவரும் பல வேளைகளில் அவரே. அவர் பெயர் அறிக்கையில் வருவதில்லை. ஒரு மாதம் அவரோடு நின்று மண் சுமந்த மாணவர், மன்னர் கட்டினர் என்று இனி எளிதில் எழுதார். கட்டிய கைகள் எவை என்று கேட்பார். வரலாற்றை மன்னரிடமிருந்தும் மேடைப் பேச்சாளரிடமிருந்தும் மீட்டு மக்களிடம் சேர்க்கும் பணி அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகின்றது.

இலங்காதிலகவின் பாறை அறுநூற்றெண்பது ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் கிடக்கின்றது. அதன் எழுத்துக்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. அடுத்த விடுமுறைக்கு இன்னும் சில மாதங்களே உள்ளன. பல்கலைக்கழகமும் அதன் சங்கங்களும் தீர்மானம் நிறைவேற்றுவதை விடுத்துத் தாளும் தூரிகையும் வாங்கட்டும்.